ஒன்பது முறை விழுந்த டிரிப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு நான் ஒரு கத்துக் கத்தினேன்.

என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதே இல்லை. பிரசவ வலியில்கூட இல்லை. கையில் இருந்த காபி டம்ளர் எங்கே போனது என்று அன்று சாயங்காலம்தான் தேடினேன். சாமை வைக்கோலுக்குள் கிடந்தது.

இன்றைக்கு நான்காவது நாள். பேனாவை எடுத்தால் வேறு எதுவும் எழுத வரவில்லை. அதனால் இந்த வாரப் பத்திக்கு நான் எழுத வைத்திருந்த விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே நம்ப முடிகிறது.

கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்) ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதத்தில் இரண்டு நாள்தான் மலையேறுவார்.

வீட்டை ஒட்டி ஊர்ப் பொதுக் களம். சாமையை அறுத்துக் கொண்டுவந்து போட்டு, காயவைத்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டுகிற இடம். அறுவடைக் காலத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் அங்கே ஆள் இருக்கும். சாணியைக் கரைத்துத் தெளித்து, தரை முழுக்க மெழுகி வைப்பார்கள். செருப்போடு யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். அதிகாரி வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி… ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். தானியம் கிடக்கிற இடம் அல்லவா?

போன வருட அறுவடையில், பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் தடவித் தடவி மூட்டை கட்டுவதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. என் வீட்டு லைட் லைனிலிருந்து ஒயர் இழுத்து, களத்துக்கு ஒரு விளக்கு போட்டுக் கொடுத்தேன்.

களத்தில் குழி தோண்டக் கூடாது என்றார்கள். கம்பத்தை எங்கே நடுவது? எலக்ட்ரீசியன் துரைசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். காலி பெயின்ட் பக்கெட்டில் கான்கிரீட் கலவையைக் கொட்டி, நடுவில் ஓர் இரும்புக் குழாயை நிற்க வைத்துவிட்டார். ஒயர் குழாய்க்குள் ஏறி உச்சியில் இருக்கிற பல்புக்குப் போகும். கதிர் பரப்பும்போது கம்பத்தை ஓரமாகத் தள்ளலாம், இருட்டினால் நடுவுக்கு இழுத்துக்கொள்ளலாம். ஸ்விட்ச் மட்டும் என் சமையலறையில்.

ஊரே மெச்சியது. நானும் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருட அறுவடை ஆரம்பித்த செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பது. பனிமூட்டம், சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருக்கிற பெட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். விளக்குகள் எல்லாம் போய்விட்டன.

டிரிப்பர் விழுந்துவிட்டது. வீட்டு ஒயரிங்கில் எங்காவது கரண்ட் வழிதவறிப் போனால், தானாக விழுந்து லைனை நிறுத்துகிற பொத்தான் அது. எங்கள் வீட்டில் லைட் லைனுக்கென்று தனியாக ஒன்று உண்டு. தூக்கிவிட்டேன். வெளிச்சம் வந்தது. தோசை மட்டும் கருகிவிட்டது.

மறுநாள் மறுபடியும் 'டப்'. அன்று சாயங்காலமும் 'டப்'.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் எதையும் எழுதிவைக்கிற ஆள். மருந்து கொடுக்கிற வேலை கற்றுக்கொடுத்த பழக்கம். அரை மாத்திரை என்றால் அரைதான். முக்கால் ஆகக் கூடாது. ஒரு நோட்டை எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நாள், நேரம், எந்தெந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மழையா வெயிலா, தூக்கிவிட்டதும் நின்றதா, என்ன காரணமாக இருக்கலாம்… ஆறு கட்டங்கள்.

போனில் கணவரிடம் சொன்னேன்.

"விழுந்தா தூக்கி விடு. அதுக்கு எதுக்கு நோட்டு?" என்றார்.

"காரணம் தெரிய வேண்டாமா?"

"டிரிப்பருக்கு வயசாயிருக்கும். நமக்கு ஆகலையா?"

ஆண்களின் பராமரிப்புக் கொள்கை இவ்வளவுதான். நான் விடுவேனா?

முறையாகத் தேடினேன். வீட்டுக்குள் எட்டு விளக்கு, களத்தில் ஒன்று. ஒன்பது ஸ்விட்சையும் அணைத்தேன். டிரிப்பரைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதைப் போட்டாலும் டிரிப்பர் அசையவில்லை. எட்டு பல்பையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். பின்கட்டு ஸ்விட்ச் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. துரைசாமி சொல்லிக்கொடுத்தபடி மெயினை அணைத்துவிட்டுத் தட்டிக் காலி செய்தேன். ஓரமாகத் தள்ளியிருந்த களத்துக் கம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. விளக்கு எரியும்போது ஓரத்தில் நின்று கையால் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். களத்தின் ஓரம் என்பதால் கழற்றவில்லை.

இந்த விவரத்தை மட்டும் நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

இப்படியே பத்து நாள் ஓடியது. நோட்டில் எட்டாவது வரிசைதான் எனக்குத் தீர்ப்பு சொன்னது. வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பது. வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஒன்பது ஸ்விட்சும் அணைந்திருக்கின்றன. அப்போதும் 'டப்'!

நீங்களே சொல்லுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது விழுந்தால் கோளாறு எதில்? டிரிப்பரில்தானே?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாவது முறையும் விழுந்தது. துரைசாமிக்குப் போன் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். நல்ல வேலைக்காரர். மலையில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஒயரிங். பெட்டியைத் திறந்து பார்த்தார். கூரை ஓரமாக ஒயரைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார்.

"டிரிப்பரு சும்மா விழுகாதுங்க மேடம். லைன்ல எங்கியோ லீக் இருக்கோணும். ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாக்கட்டுங்களா? ஒரு நாள் வேலை ஆவும்."

"பிரிக்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன்" என்று நோட்டை நீட்டினேன்.

துரைசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "யெப்பா… பொஸ்தகமே போட்டுட்டீங்க! களத்து லைட்டப் பாத்தீங்களா?"

"அது அணைந்திருக்கும்போதே விழுந்திருக்கிறது. எட்டாவது வரிசையைப் பாருங்கள்."

பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஆமாங்க… சுச்சு ஆஃப்ல இருந்தா அந்த ஒயருக்குக் கரண்டே போவாதே. அப்ப டிரிப்பருதானுங்க போச்சு."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

"புதுசு கீழ சேந்தமங்கலத்துல இருந்து வரோணும். திங்கக்கெழம ஆயிரும்."

"அதுவரைக்கும் நான் இப்படியே இருட்டில் நிற்பதா? டைரக்ட் கொடுத்துவிடுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். "டிரிப்பரு இல்லாமயாங்க?"

"இரண்டே நாள்தானே?"

ஒரு விநாடி யோசித்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகளையும் மணி மணியான எழுத்தையும் பார்த்தார். அதற்கு மேல் மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, டிரிப்பரைக் கழற்றிவிட்டு, லைனை நேராக இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஒரு 'டப்'கூட இல்லை. நிம்மதியாகச் சமைத்தேன். நோட்டில் கீழே இரட்டைக் கோடு போட்டு, 'முடிந்தது' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை.

காபியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசற்படிக்கு வந்தேன். வெயில் அப்போதுதான் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. களம் புதிதாக மெழுகிய ஈரத்தில் பளபளத்தது. நடுவில் கம்பம். வைக்கோல் பக்கம் செல்லம்மாள்.

செல்லம்மாள் யார் என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீடு. ஐம்பத்தெட்டு வயது. இரண்டு ஏக்கர் சாமையும் மரவள்ளியும் வைத்து, தானே முன்னால் நின்று வேலை செய்கிற மனுஷி. மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு என்னிடம்தான் வருவார். அதில் ஒரு நாள் பிந்தினாலும் நான் அவர் வீட்டுக்கே போய்த் திட்டுவேன். ஊரில் என்னை உரிமையோடு கேலி செய்கிற ஒரே ஆள்.

அவர் தோளில் கிடந்த சாக்கை எடுத்து, கம்பத்தின் இடுப்பில் சுற்றப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன செல்லக்கா, கம்பத்துக்குக் குளிருதா? போர்த்தி விடுறீங்க?"

"அதுக்குக் குளிரலீங்க அம்மணி. உங்க ஊட்டுக் கரண்டுக்குத்தான் இந்தச் சாக்கு."

"எங்க வீட்டுக் கரண்டுக்கா?"

"வெறுங்கையில தொட்டா உங்களுக்குக் கரண்டு போயிருதுங்களே. நீங்க உள்ள 'சே சே'ன்னு சலிச்சுக்கறது எனக்குக் கேக்குதுங்க. பாவமா இருக்குது. அதான் சாக்கப் போட்டு நவுத்துறேன்."

இந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நான் என் வெற்றியில் இருந்தேன்.

"இனிமே போகாதுக்கா! நேத்து துரைசாமி வந்து சரி பண்ணிட்டார். இனி என்ன ஆனாலும் கரண்ட் போகாது."

என்ன ஆனாலும்!

அந்த வார்த்தையை என் வாயால்தான் சொன்னேன்.

"அப்பிடீங்களா? நல்லதாப் போச்சு போங்க. அப்பறம் இந்தச் சாக்கு எதுக்கு?" என்று அதை வைக்கோல் மேல் வீசினார். முந்தானையை இடுப்பில் செருகினார். சாணி ஈரத்தில் வெறுங்காலை ஊன்றி, இரண்டு கையையும் கம்பத்தை நோக்கி நீட்டினார்.

அப்போதுதான் என் மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதியது. தொட்டால் போகிறது… வெறுங்கையில் தொட்டால்… டிரிப்பர்… டைரக்ட்…

"தொடாதீங்க!"

அதுதான் அந்தக் கத்தல்.

செல்லம்மாள் அப்படியே உறைந்தார். நீட்டிய கைகளுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அதற்கு மேல் இல்லை. நான் கண்ணால் அளந்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்த ஒரு சாண்தான் தெரிகிறது.

"பின்னால போங்க! களத்தை விட்டு வெளிய போங்க! யாரும் கம்பத்துக்கிட்ட வராதீங்க!"

உள்ளே ஓடி மெயினை அணைத்தேன். துரைசாமிக்குப் போன் போட்டேன். எண்ணை மூன்று முறை தப்பாக அழுத்தினேன்.

இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தார் அவர். கம்பத்துக்குப் பக்கத்தில் தடிமனான மரப்பலகையைப் போட்டு அதன்மேல் செருப்போடு நின்றார். மற்றவர்கள் எல்லாரும் தள்ளி நிற்க, மெயினை மட்டும் போடச் சொன்னார். கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரைக் கம்பத்தில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"மேடம், களத்து லைட்டு சுச்ச ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப்லதான் இருக்கிறது."

"இன்னொருக்காப் பாருங்க."

பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. பல்பும் எரியவில்லை. ஆனால் டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது.

துரைசாமி மெயினை மறுபடி அணைக்கச் சொன்னார். பிறகு பலகையிலிருந்து இறங்கி, வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ற தப்புதானுங்க மேடம். போன வருசம் பொழுது போச்சுன்னு அவசரத்துல போட்டேன். சுச்ச மாத்திக் குடுத்திருக்கறேன்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன். ஸ்விட்ச் என்பது பல்புக்குப் போகிற கரண்டை வழியிலேயே நிறுத்த வேண்டும். களத்து விளக்குக்கு மட்டும் அது, பல்பிலிருந்து திரும்பி வருகிற ஒயரில் மாட்டப்பட்டிருந்தது. அணைத்தால் பல்பு அணையும். ஆனால் பல்பு வரைக்கும் கரண்ட் வந்து நின்றுகொண்டிருக்கும். பைப்பின் கடைசியில் டேப்பை மூடினால் தண்ணீர் வராது. ஆனால் பைப் முழுக்கத் தண்ணீர்தானே?

கம்பத்தை இழுத்து இழுத்து நகர்த்தியதில், இரும்புக் குழாயின் உச்சி விளிம்பு ஒயரின் மேல்தோலை அறுத்துவிட்டது. உள்ளே இருந்த செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. கம்பம் முழுக்கக் கரண்ட். கீழே பிளாஸ்டிக் பக்கெட் என்பதால் அது தரைக்கு இறங்க வழியில்லை. யாராவது வழி கொடுக்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று யாராவது தொட வேண்டும்.

தொட்டால் அவர் உடம்பு வழியாக இறங்கும். இறங்க ஆரம்பித்த அதே கணம் டிரிப்பர் விழுந்து லைனை நிறுத்தும்.

அதாவது… என் நோட்டில் இருந்த ஒன்பது வரிசையும் ஒயரிங் கோளாறு இல்லை. ஒன்பது தடவை ஒரு மனுஷ உடம்பு.

நான் நோட்டை எடுத்துவந்தேன். செல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரிசையிலிருந்து படித்தேன்.

"செவ்வாய், காலை ஏழு நாற்பது."

"அது நானுங்க. மெழுகறதுக்காக நவுத்துனேன். சுருக்குன்னுச்சு."

"புதன், காலை ஏழே கால்."

"அதுவும் நாந்தானுங்க."

"புதன், சாயங்காலம் ஆறு."

"எங்க ஊட்டுக்காரரு. 'கையி வெடுக்குன்னு இழுக்குது புள்ள'ன்னாரு. பனியில இரும்பு அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

நான் படிக்கப் படிக்க அவர் ஆள் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்களை நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி, சாதாரணமாக. ஐந்து முறை அவர். இரண்டு முறை அவர் கணவர். ஒரு முறை கதிர் அடிக்க வந்த மருதாயி. நடுவில் ஒரு வரிசையில் மட்டும் தடங்கல்.

"முந்தின ஞாயிறு, சாயங்காலம் ஐந்து பத்து."

செல்லம்மாள் விரலை மடக்கி எண்ணினார். பிறகு கை வாய்க்குப் போனது.

"அன்னிக்கு… அன்னிக்குப் பேத்தி வந்திருந்தாளுங்க. கம்பத்தப் புடிச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வெளையாடுனா. திடீர்னு 'வீல்'னு கத்திக்கிட்டு உக்காந்துட்டா. எங்கியோ முட்டிக்கிட்டான்னு நெனச்சுத் தேய்ச்சு விட்டேன்…"

நாலு வயசுக் குழந்தை.

எனக்கும் அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. 'டப்' என்றதும் டார்ச்சோடு பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். வெளியே ஒரு குழந்தை அழுதது. பெட்டிக்குள் ஏதாவது இரைச்சல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அதனால் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

நோட்டில் அந்த வரிசைக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், 'காற்று?' என்று எழுதியிருக்கிறேன்.

நோட்டை மூடி மடியில் வைத்தேன்.

பிறகு கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம்.

"இத்தனை தடவை ஷாக் அடிச்சிருக்கு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா செல்லக்கா? மாத்திரை வாங்க வர்றீங்களே, அப்பவாவது?"

"ஷாக்குன்னு பெருசா இல்லீங்க அம்மணி. எங்க ஊட்டு கிரைண்டர்லயும் அப்பப்ப சுருக்குன்னும். அதுவுமில்லாம…" என்று இழுத்தார்.

"சொல்லுங்க."

"ஊருக்கே வெளிச்சம் போட்டுக் குடுத்திருக்கீங்க. உங்ககிட்டப் போயி, உங்க லைட்டு ஷாக் அடிக்குதுன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? அதுலயும் நாங்க தொட்டாத்தான் உங்க ஊட்டுல கரண்டு போவுது. நாங்கதான் கெடுத்துப்போட்டமோன்னு பயம்."

"அது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"வெள்ளிக்கெழமதானுங்க. சந்தேகமா இருந்துச்சு. டெஸ்ட்டு பண்ணிப் பாத்துருவோம்னு, உங்க ஊட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே கம்பத்தத் தொட்டேன். பொசுக்குன்னு இருட்டாயிருச்சு. நீங்க 'சே'ன்னீங்க. அப்பறம்தான் யாரும் வெறுங்கையில தொடாதீங்க, அம்மணிக்குக் கரண்டு போயிரும்னு எல்லாத்துக்கும் சொல்லி, சாக்கும் கொண்டாந்து வெச்சேன்."

பதினோரு நாள் நோட்டும் ஸ்கேலுமாக நான் தேடினேன். கண்டுபிடிக்கவில்லை. இந்த மனுஷி தன் உடம்பையே டெஸ்டராக வைத்து, ஒரே தொடலில் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து என்ன செய்தார்? என் விளக்கைக் காப்பாற்றச் சாக்கு கொண்டுவந்தார். அந்தச் சாக்குதான் சனிக்கிழமை சாயங்காலம் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஏனென்றால் துரைசாமி டைரக்ட் கொடுத்துவிட்டுப் போன பிறகு, பொழுது சாயும்போது கம்பத்தை நடுவுக்கு இழுத்ததும் அவர்தான். உலர்ந்த சாக்கைச் சுற்றி இழுத்திருக்கிறார். எனக்குக் கரண்ட் போகக் கூடாது என்று!

நான் சமையலறையில் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். உதவி செய்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்று வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். கொடுத்தவர்களோ, கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அது நன்றாக இருக்கிறதா, தொந்தரவு ஏதும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? நான் கேட்கவில்லை. ஒரு வருடமாகக் கேட்கவில்லை. என் நோட்டில் மழைக்குக் கட்டம் இருந்தது. வெயிலுக்குக் கட்டம் இருந்தது. அந்த நேரத்தில் களத்தில் யார் இருந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை.

மருந்து கொடுக்கிற இடத்தில், "இதைச் சாப்பிட்ட பிறகு ஏதாவது செய்ததா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறவள் நான். விளக்கைக் கொடுத்துவிட்டு மட்டும் அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

அப்போது செல்லம்மாள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் என்னைத் தேற்றுகிறார்! யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

"விடுங்க அம்மணி. கரண்டு என்னை ஒண்ணும் பண்ணல. நீங்க போட்ட சத்தத்துலதான் நெஞ்சு நின்னுபோச்சு. பிரஷர் மாத்திரை இன்னைக்கு ஒண்ணு சேத்திக் குடுங்க."

"சேர்த்தெல்லாம் கொடுக்க முடியாது."

"தெரியுமுங்க. கேட்டுப் பாத்தேன்."

துரைசாமி அன்றைக்கே கீழே போய் புது ஒயர் வாங்கி வந்தார். திங்கட்கிழமை முழுக்க இங்கேதான் இருந்தார். ஸ்விட்சை முறையாக மாற்றினார். இரும்புக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சவுக்குக் கம்பத்தை வேறொரு பக்கெட்டில் நிறுத்தினார். ஒயருக்குக் கீழிருந்து மேல்வரை பிளாஸ்டிக் குழாய் போட்டார். செல்லம்மாள் வீட்டு கிரைண்டரையும் பிரித்துப் பார்த்தார். கூலி கொடுத்தபோது வாங்காமல், கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். இரண்டு நாளாக வீடு வீடாகப் போய், தான் போட்ட ஸ்விட்சுகளையெல்லாம் டெஸ்டர் வைத்துப் பார்த்து வருகிறார் என்று கேள்வி.

டிரிப்பர்? கழற்றி வைத்திருந்த அதே பழைய டிரிப்பரைத்தான் மறுபடி மாட்டினார். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. அதில் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் 'டப்' என்று விழ வேண்டும். அழுத்தினேன். விழுந்தது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று எனக்கு இதுவரை தெரியாது.

உங்கள் வீட்டிலும் அந்தப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிரிப்பர் அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டாதீர்கள். எக்காரணம் கொண்டும் கழற்றச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் வீட்டைச் சுற்றி யார் எதைத் தொட்டுக்கொண்டிருந்தார் என்று முதலில் வெளியே வந்து பாருங்கள்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை. எங்கோ மரம் சாய்ந்து, ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நான் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது, களத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மழையையும் மீறி ஒரு குரல் வந்தது.

"அம்மணீ… நான் எதையும் தொடலீங்க!"

சிரித்துவிட்டேன். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு போய், அவர் தன் வாசலில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மெழுகுவத்தியைக் கொளுத்தினேன்.